பலகார அடுப்படியில் காற்றை அளப்பது எப்படி? மீட்டர் காட்டுவதை எந்த அளவுக்கு நம்பலாம்?

மனகோலம் (கோட்டையூர்) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கோட்டையூரில் பலகாரம் போட்டு விற்கிறோம். பழைய வீடு, மூன்றாம் கட்டில், அதாவது முன்பக்கத்திலிருந்து மூன்றாவது முற்றப் பகுதியில், அடுப்படி. நாலு விறகடுப்பு, இரண்டு கேஸ் அடுப்பு. தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை, அதிரசம், எல்லாம் கடலை எண்ணெயில். காலை 6 மணிக்குப் பற்ற வைத்தால் சாயங்காலம் 4 மணி வரை அடுப்பு ஓயாது. வேலை பார்ப்பவர்கள் சுற்று வட்டாரத்துப் பெண்கள், சிலர் என் அம்மா காலத்திலிருந்தே இருப்பவர்கள். கொஞ்ச காலமாகவே கண் எரிகிறது, மதியத்துக்கு மேல் தலை வலிக்கிறது என்கிறார்கள். சட்டிக்கு முன்னால் உட்காருகிறவர்களுக்கு இருமலும் இருக்கிறது. புகைக்கூண்டு ஒன்று சரியாகப் போட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டோம், ஆனால் எங்கே, எவ்வளவு பெரிதாக என்று தெரிய முதலில் காற்றை அளந்து பார்க்கலாம் என்று ஆன்லைனில் ஒரு மீட்டர் வாங்கினேன்.

அது காட்டுவது எனக்குப் புரியவில்லை. அடுப்புப் பக்கம் பி.எம். 2.5, அதாவது காற்றில் உள்ள நுண்துகளின் எண், 999-ல் போய் நிற்கிறது. பேக்கிங் அறையில் 60. சரி, இது புரிகிறது. ஆனால் ஒரு மழை நாள் விடியற்காலையில், அடுப்பே பற்ற வைக்காத நேரத்தில், அதே அடுப்படியில் 300 காட்டியது. கார்பன் டை ஆக்சைடு என்று ஒரு எண் வருகிறது, அதிரச மாவில் பாகு ஊற்றினால்கூட அது ஏறுகிறது. ஃபார்மால்டிஹைடு, டி.வி.ஓ.சி. என்று இன்னும் இரண்டு எண்கள், அவை நாள் முழுக்க சிவப்பிலேயே இருக்கின்றன.

இதற்கு நடுவில், வெளிநாட்டுக்கு எடுக்கும் ஏஜென்ட் வேலையிடக் காற்றுக்கு ஓர் அறிக்கை வேண்டும் என்றார். ஆள் வைத்து அளந்தோம். வந்தவர் இரண்டாம் கட்டில் ஒரு மேசை மேல் கருவியை வைத்துக் கால் மணி நேரம் பார்த்தார், 'நன்று' என்று தாள் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு ஆர்டர் குறைவு, இரண்டு அடுப்புதான் எரிந்தது. அந்தத் தாளை ஏஜென்டிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சட்டி முன்னால் உட்கார்ந்திருப்பவர் மூச்சில் என்ன போகிறது என்று அந்தத் தாள் சொல்லவே இல்லை.

நம்பும்படியாக அளக்க என்ன கருவி வேண்டும், எங்கே வைக்க வேண்டும், எவ்வளவு நேரம்? செலவு பார்த்துத்தான் செய்ய முடியும்.

---

தூசியளப்பவன் (தேவகோட்டை) பதில்:

அக்கா, தொழிற்சாலைகளில் காற்று மாதிரி எடுப்பதுதான் என் வேலை. அந்தத் தாளைக் கொடுக்காமல் வைத்தீர்களே, அது சரியான முடிவு. மேசை மேல் கால் மணி நேரம் வைத்தால் அந்த மேசைக்குத்தான் கணக்கு.

முதலில் உங்கள் மீட்டரில் எதைப் பார்க்கலாம், எதை மறந்துவிடலாம் என்று சொல்லிவிடுகிறேன். டி.வி.ஓ.சி., அதாவது காற்றில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் மொத்தம் எவ்வளவு என்று காட்டும் எண்ணை மறந்துவிடுங்கள். அதற்குள் இருப்பது சூடான உலோக ஆக்சைடு சென்சார், வாசனை, ஆல்கஹால், சமையல் ஆவி எது வந்தாலும் எகிறும், எது வந்தது என்று அதற்குத் தெரியாது. விலை குறைந்த மீட்டர்களில் கார்பன் டை ஆக்சைடு என்று காட்டுவதும் பல நேரம் இதே சென்சாரிலிருந்து ஊகித்த எண்தான். உங்களுடையது பாகு வாசனைக்கு ஏறுகிறது என்றால் அதுவேதான். உண்மையான கார்பன் டை ஆக்சைடு மீட்டர் அகச்சிவப்பு ஒளியை வைத்து அளக்கும், வாங்கும்போது 'என்.டி.ஐ.ஆர்.' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஃபார்மால்டிஹைடு எண்ணும் இந்த விலைக் கருவிகளில் ஆல்கஹாலுக்கும் வேறு வாயுக்களுக்கும் சேர்த்தே ஏறும், அதை வைத்துப் பயப்பட வேண்டாம்.

பி.எம். 2.5 எண் அப்படியில்லை, அதில் விஷயம் இருக்கிறது. ஆனால் 999 என்பது அளவு இல்லை, அதற்கு மேல் காட்ட அந்தக் கருவியால் முடியாது என்று பொருள். இந்த வகை லேசர் சென்சார்கள் கன மீட்டருக்கு 500 மைக்ரோகிராமுக்கு மேல் போனாலே நம்பகம் குறைந்துவிடும்.

உங்கள் மீட்டரில் இல்லாத ஒன்றுதான் உங்களுக்கு முதலில் வேண்டும்: கார்பன் மோனாக்சைடு. மதியத்துக்கு மேல் எல்லோருக்கும் தலைவலி என்றதும் எனக்கு அதுதான் தோன்றியது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. விறகு கொழுந்துவிட்டு எரியும்போது புகை தெரியும். ஆனால் தணலாகி, புகையே இல்லாமல் சிவந்து கிடக்கிறதே, அப்போதுதான் மோனாக்சைடு நிறைய வரும். புகை நின்றுவிட்டது, இனி பரவாயில்லை என்று அதிரசத்துக்கு அடுப்பைத் தணித்து அதன் முன்னால் உட்காருவது பழக்கம். பி.எம். ஏறுகிற நேரமும் மோனாக்சைடு ஏறுகிற நேரமும் வேறு வேறு, அதனால் ஒன்றை அளந்து இன்னொன்றை ஊகிக்க முடியாது.

1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் மோனாக்சைடுக்குப் போட்டிருந்த வரம்பு 8 மணி நேரச் சராசரி 50 பி.பி.எம்., அதாவது காற்றில் பத்து லட்சத்தில் 50 பங்கு. உலக சுகாதார நிறுவனம் பொதுமக்களுக்குச் சொல்லும் 8 மணி நேர அளவு கன மீட்டருக்கு 10 மில்லிகிராம், அதாவது ஏறத்தாழ 9 பி.பி.எம். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் பாருங்கள். 50-க்குக் கீழே இருக்கிறது, சட்டப்படி சரி என்று நிறுத்திவிடுவது எனக்கு உடன்பாடில்லை. கர்ப்பமாக இருப்பவரோ இதய நோய் உள்ளவரோ அந்த அடுப்படியில் இருந்தால் 9-ஐத்தான் இலக்காக வைக்க வேண்டும்.

சராசரி கணக்கு எளிது. சட்டி முன்னால் 6 மணி நேரம் 40 பி.பி.எம்., மற்ற 4 மணி நேரம் 5 பி.பி.எம். என்று வைத்துக்கொள்வோம். 6 முறை 40 என்றால் 240, 4 முறை 5 என்றால் 20, மொத்தம் 260. உங்கள் வேலை நேரம் 10 மணி என்பதால் 10-ஆல் வகுத்தால் 26. ஆனால் 50 என்ற வரம்பு 8 மணி வேலைக்கும் அதற்குப் பிறகு 16 மணி ஓய்வுக்கும் போட்டது. 10 மணி வேலை என்றால் வரம்பையும் குறைக்க வேண்டும், எங்கள் துறையில் வழக்கமாகப் போடும் பிரீஃப்-ஸ்காலா கணக்குப்படி அது 35 ஆகிவிடும். 26 என்பது அதற்குள் இருந்தாலும் 9-ஐப் போல மூன்று மடங்கு. சராசரி எப்படி இருந்தாலும் எந்த நிமிடத்திலாவது 200 பி.பி.எம். காட்டினால் உடனே எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும்.

அப்புறம் எங்கே வைப்பது. சுவரில் மாட்டாதீர்கள், மேசை மேல் வைக்காதீர்கள். மூக்கிலிருந்து ஏறத்தாழ 30 சென்டிமீட்டருக்குள் இருக்கும் காற்றுதான் மூச்சில் போகும் காற்று. உங்கள் ஆட்கள் மணைப்பலகையில் உட்கார்ந்து பிழிகிறார்களா, நின்று எடுக்கிறார்களா என்பதே எண்ணை மாற்றிவிடும். மோனாக்சைடு மீட்டரில் சட்டையில் மாட்டும்படி சின்னது வருகிறது, நிமிடத்துக்கு நிமிடம் பதிவாகும் வகையாக வாங்கி, சட்டி முன்னால் உட்காருபவர் தோள் பக்கத்தில் முழு வேலை நேரமும் மாட்டிவிடுங்கள். வீட்டுக்கு விற்கும் மோனாக்சைடு அலாரம் இதற்கு ஆகாது. அவை 70 பி.பி.எம்.-ல் ஒரு மணி முதல் நாலு மணி நேரத்துக்குள் கத்தும்படி செய்தவை. உயிர் போகாமல் காப்பதற்கு நல்லது, தலைவலிக்குக் காரணம் தேட உதவாது.

---

செக்காலை வாத்தியார் (காரைக்குடி) பதில்:

வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். தம்பி சொன்ன மோனாக்சைடு மீட்டர் பற்றி மட்டும் கொஞ்சம் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் வாங்கிய பிறகு பராமரிக்காவிட்டால் அது எண் மட்டும் காட்டிக்கொண்டே இருக்கும், உண்மை சொல்லாது.

அதற்குள் இருப்பது ஒரு சின்ன மின்வேதிக் கலம். வாயு ஒரு சவ்வு வழியாக உள்ளே போகிறது, மின்முனையில் தண்ணீரோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாக மாறுகிறது, அப்போது ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இரண்டு எலக்ட்ரான் வெளிவருகிறது. அந்த மின்னோட்டம்தான் திரையில் எண்ணாகத் தெரிகிறது. அளவுக்கு நேர் விகிதத்தில் வருவதால் இது நல்ல முறை, இந்த வேலைக்கு எனக்குப் பிடித்த முறையும் இதுதான். மின்வேதியியலுக்கென்றே 1948-ல் அடிக்கல் நாட்டி, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலம் கொடுத்து எழுந்த ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர் நம்முடையது. இந்தக் கலத்தைப் பற்றி நம் பிள்ளைகள் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பலவீனங்களைச் சொல்கிறேன். உள்ளே இருக்கும் அமிலக் கரைசல் நம் சித்திரை, வைகாசி வெயிலில் வறண்டு போகும், அதனால் சென்சார் பொதுவாக இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும். மாற்ற வேண்டிய தேதி பின்னால் போட்டிருப்பார்கள், பாருங்கள். ஹைட்ரஜனுக்கும் அது கொஞ்சம் எண் காட்டும், இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஆகும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சரி பார்க்காதீர்கள். உங்கள் இடத்தில் பெரிய தொல்லை எண்ணெய். பொரிக்கும் ஆவி சவ்வின் மேல் படிந்தால் வாயு உள்ளே போவது குறையும், மீட்டர் குறைத்துக் காட்டும். அதிகமாகக் காட்டும் மீட்டரை விட இது ஆபத்து.

ஆகவே இரண்டு சோதனை. பூஜ்யம் சரி பார்க்க, விடியற்காலையில் அடுப்பும் வண்டியும் இல்லாத திறந்த வெளிக்குக் கொண்டு போய் இயக்குங்கள். இரண்டாவது, அளவு தெரிந்த வாயு உள்ள சின்ன சிலிண்டர், 50 அல்லது 100 பி.பி.எம். என்று சான்றிதழோடு வரும், அதைக் காட்டினால் மீட்டர் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வர வேண்டும். ஒவ்வொரு முறை அளப்பதற்கு முன்பும் இதைச் செய்ய வேண்டும், முடிந்தால் அளந்த பிறகும். சிலிண்டர் வாங்குவது பாரம் என்றால் நாலைந்து பட்டறைக்காரர்கள் சேர்ந்து ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

---

புதுவயல் மில் பையன் பதில்:

அக்கா, மழை நாள் விடியற்காலை 300 என்றீர்களே, அது ஈரம். நான் அரிசி மில்லில் எலெக்ட்ரிக்கல் பார்க்கிறேன், இந்த லேசர் சென்சார்களை வாங்கி நானே கோத்து மில்லுக்குள் வைத்திருக்கிறேன். உள்ளே ஒரு குட்டி ஃபேன் காற்றை இழுக்கிறது, லேசர் வெளிச்சத்தில் துகள் சிதறடிக்கும் ஒளியைப் பார்த்து எடையை ஊகிக்கிறது. எடை போடுவதே இல்லை. ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் போனால் துகள்கள் தண்ணீரை உறிஞ்சி ஊதிவிடும், மூடுபனித் துளியைக்கூடத் துகளாக எண்ணிவிடும். உங்கள் இடத்தில் மாவை எண்ணெயில் விட்டதும் எழும்பும் ஆவியும் இந்தக் கணக்கில் சேரும்.

இதில் நமக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. தீபாவளி ஆர்டர் ஐப்பசியில், அப்போதுதான் மழையும். மீட்டர் கூடுதலாகக் காட்டும் மாதமும் நீங்கள் அதிகமாகப் பொரிக்கும் மாதமும் ஒன்றாக வருகின்றன. அதனால் ஈரப்பதமும் கூடவே பதிவாகும் மீட்டராக இருக்கட்டும். எண்ணைப் பார்க்கும்போது பக்கத்தில் ஈரப்பதத்தையும் பாருங்கள்.

இன்னொன்று, ஒரு மீட்டர் போதாது, ஒரே மாடலில் இரண்டு வேண்டும். ஒன்று அடுப்படியில், இன்னொன்று வெளியே நிழலில், மழை படாமல். எங்கள் ஊரில் மில்கள் ஓடும்போது உமிச்சாம்பல் பறந்து வெளியே இருக்கும் அளவே மேலே போகிறது. உள்ளே 120, வெளியே 100 என்றால் உங்கள் அடுப்பு சேர்ப்பது 20-தான், புகைக்கூண்டு போட்டு அதைக் குறைக்கலாம், மீதி 100-ஐக் குறைக்க முடியாது. வெளியே அளக்காமல் உள்ளே மட்டும் அளந்தால் பழியை யார் மேல் போடுவது என்றே தெரியாது.

ஆனால் இரண்டு மீட்டரையும் பிரித்து வைப்பதற்கு முன்னால் ஒரே இடத்தில், ஒன்றை ஒன்று தொடாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு முழு நாள் ஓட்டுங்கள். வாங்கும்போதே ஒன்று 15, 20 சதவீதம் அதிகமாகக் காட்டலாம். அந்த வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு கழித்துவிடலாம். எனக்கு இந்த ஒரு சோதனைதான் மிகவும் பயன்பட்டது. வேலை முடிந்து திரும்பவும் ஒரு நாள் சேர்த்து வையுங்கள், எண்ணெய் படிந்த மீட்டர் தள்ளிப் போயிருந்தால் அதில் தெரிந்துவிடும்.

---

ஆத்தங்குடிக்காரன் பதில்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே சந்தேகம். எங்களுடையது கல் பட்டறை, தரைக்குப் போடும் கல். மணல் சலிப்பது, சிமெண்டோடு உலர்ந்தபடி கலப்பது, ஆக்சைடு கலர் கலப்பது, இதெல்லாம் ஒரே கொட்டகையில். வெயில் கீற்று உள்ளே விழும்போது தூசி கண்ணுக்கே தெரிகிறது. ஆனால் மகன் வாங்கி வந்த மீட்டர் பி.எம். 10, அதாவது 10 மைக்ரான் வரை உள்ள தூசியின் எண், 90 என்கிறது. அது பொய்யா, என் கண் பொய்யா? கண்ணாடி மேல் கலர் ஊற்றுகிற இடம் ஈரம்தான், அங்கே தூசி இல்லை. சலிக்கிற இடம்தான் கவலை. அங்கே வேலை பார்ப்பவர் துண்டைக் கட்டிக்கொண்டு சலிக்கிறார்.

---

தூசியளப்பவன் பதில்:

அண்ணே, உங்கள் கண்தான் சரி. விலை குறைந்த லேசர் சென்சார்களுக்குப் பெரிய துகள் சரியாகத் தெரியாது. மூன்று மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்டது அதன் மெல்லிய காற்றோட்டத்தில் உள்ளே வந்து சேருவதே குறைவு. பி.எம். 10 என்று அது காட்டுவதில் பெரும்பகுதி சின்னத் துகளை வைத்துப் போட்ட ஊகம். விறகுப் புகைக்கு அது ஓரளவு சரி, ஏனென்றால் புகைத் துகள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் கீழே. சிமெண்டுக்கும் மணலுக்கும் அது ஆகவே ஆகாது. அக்காவின் மீட்டரும் உங்கள் மகன் வாங்கியதும் ஒரே சென்சாராக இருந்தாலும் அங்கே பயன்படும், இங்கே பயன்படாது.

உங்களுக்கு எடை போடும் முறைதான் வழி. இடுப்பில் மாட்டும் சின்ன பம்பு, அதிலிருந்து ஒரு குழாய், சட்டைக் காலர் பக்கம் ஒரு சைக்ளோன், அதன் மேல் ஃபில்டர். சைக்ளோன் காற்றைச் சுழற்றிப் பெரிய தூசியைக் கீழே தள்ளிவிடும், நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடிய, ஏறத்தாழ 4 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள தூசிதான் ஃபில்டரில் சேரும். நைலான் சைக்ளோன் என்றால் நிமிடத்துக்கு 1.7 லிட்டர் ஓட வேண்டும். 8 மணி நேரத்தில் 816 லிட்டர், அதாவது 0.816 கன மீட்டர். இந்த ஓட்டம் மாறினால் சைக்ளோன் பிரிக்கும் அளவும் மாறிவிடும், அதனால் பம்பை ஆரம்பிக்கும் முன்னும் முடித்த பின்னும் அளந்து இரண்டும் 5 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பார்க்கவில்லை என்றால் அந்த மாதிரியைத் தூக்கிப் போடச் சொல்லுங்கள். திறக்காத ஃபில்டர் ஒன்றும் கூடவே வந்து திரும்பிப் போக வேண்டும், வழியில் ஏறும் எடையைக் கழிக்க.

உங்களுக்கு மொத்தத் தூசியை விட முக்கியம் அதில் உள்ள படிகச் சிலிக்கா, மணலில் இருப்பது அதுதான். சிலிக்கா தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகுப்பில் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்பே சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும், வந்தால் குணமாகாது. இரண்டாம் அட்டவணைக் கணக்குப்படி, நுரையீரலுக்குள் போகும் தூசிக்கு வரம்பு: 10-ஐ, சிலிக்கா சதவீதத்தோடு 2 கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். தூசியில் 20 சதவீதம் சிலிக்கா என்றால் 10-ஐ 22-ஆல் வகுத்து கன மீட்டருக்கு 0.45 மில்லிகிராம். அதில் சிலிக்கா மட்டும் 0.09. அமெரிக்காவில் 2016-ல் கொண்டு வந்த விதியில் அதுவே 0.05. முழு நாள் ஓடிய ஃபில்டரில் 0.45-க்கு ஏறும் எடை 0.37 மில்லிகிராம்தான், நகைக்கடைத் தராசில்கூட அது நிற்காது. ஆகவே ஆய்வகம்தான், எக்ஸ்ரே முறையில் சிலிக்கா பார்க்கும் ஆய்வகம்.

ஆனால் அளவு வரும் வரை காத்திருக்க வேண்டாம். துண்டு போதாது, முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்தும் என்-95 முகக்கவசத்தை இன்றைக்கே வாங்கிக் கொடுங்கள். மணலை லேசாக ஈரம் தெளித்துச் சலிக்க முடிகிற இடத்தில் அப்படிச் சலியுங்கள். சலிக்கும் இடத்தைக் கொட்டகைக்கு வெளியே, காற்றுக்கு முதுகு காட்டும்படி மாற்றுங்கள். அளப்பது இதெல்லாம் போதுமா என்று தெரிந்துகொள்ளத்தான்.

---

மனகோலம் பதில்:

எல்லோருக்கும் மிகுந்த நன்றி. வாத்தியார் ஐயா, தம்பிகள் சொன்னபடி மோனாக்சைடு மீட்டர், பதிவாகும் வகையாக, வாங்கிவிட்டேன். வாயு சிலிண்டர் இன்னும் வரவில்லை, அதனால் எண்ணை முழுதாக நம்பவில்லை, ஆனால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. சட்டி முன்னால் பெரும்பாலும் 20-க்கும் 35-க்கும் நடுவில், காலையை விட மதியம் 2 மணிக்கு மேல் அதிகம். தணல் பற்றிச் சொன்னது அப்படியே இருக்கிறது. அதிரசம் போடும் நேரத்தில்தான் ஏற்றம். பக்கத்துக் கேஸ் அடுப்பில் நிற்பவருக்கு 6, 7-தான்.

இன்னொன்றும் கவனித்தேன். மூன்றாம் கட்டு வாசல், அதாவது நடு முற்றம், மேலே திறந்திருக்கிறது, புகையும் சூடும் அதன் வழியாகத்தான் மேலே போகிறது, அந்தக் காலத்தில் கட்டியவர்கள் அதை நினைத்தே கட்டியிருக்கிறார்கள். ஆனால் மழைக்காலத்தில் பலகாரம் நமத்துப் போகும் என்று வாசலுக்கு மேலே தார்ப்பாய் கட்டிவிடுவோம். சும்மா சோதிக்க வெயில் நாளிலேயே தார்ப்பாயை இழுத்துக் கட்டிப் பார்த்தேன், அடுப்பு அதே நாலுதான், எண் 60-ஐத் தாண்டியதும் பயந்துபோய் அவிழ்த்துவிட்டேன். எல்லோரையும் உட்கார வைத்து அந்த வரைபடத்தைக் காட்டினேன். தலைவலி வந்தால் சொல்ல வெட்கப்பட வேண்டாம் என்றும் சொன்னேன்.

இரண்டு கேள்வி மிச்சம். பி.எம். 2.5 லேசர் மீட்டரை என்ன செய்வது? பேக்கிங் அறை மூடிய அறை, ஏ.சி. போட்டது, அங்கே காற்று மாறுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

---

தூசியளப்பவன் பதில்:

தார்ப்பாய் கட்டிப் பார்த்தீர்களே, இந்த இழையிலேயே மிகப் பயனுள்ள அளவு அதுதான் அக்கா. அறிக்கைக்கு அளக்கும் நாளை நல்ல நாளாகப் பார்த்து எடுக்கக் கூடாது. நாலு அடுப்பும் எரிந்து, தார்ப்பாய் வழக்கம்போலக் கட்டிய நாள்தான் வேண்டும். ஆனால் இப்போது எண் தெரிந்துவிட்டதால் முழுதாக மூடி யாரையும் உள்ளே உட்கார வைக்காதீர்கள். வாசலுக்கு மேலே இரண்டு அடி உயர்த்தி, நாலு பக்கமும் காற்று போகும்படி கூரைத்தகடு போட்டால் மழையும் வராது, புகையும் போகும். புகைக்கூண்டு அதற்கு அடுத்தது. அது அடுப்பின் வாய்க்கு மேலே கிட்டத்தில் இறங்கி இருக்க வேண்டும், பிழிபவர் முகம் கூண்டுக்கும் சட்டிக்கும் நடுவில் வந்துவிடக் கூடாது.

லேசர் மீட்டரைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு முழு வேலை நாள், அண்ணனுக்குச் சொன்ன அந்தப் பம்பும் ஃபில்டரும் உங்கள் மீட்டருக்குப் பக்கத்திலேயே ஓடட்டும். அடுப்புக்கு நேர் முன்னால் வேண்டாம், மீட்டர் 999-ல் முட்டாத தூரத்தில். ஃபில்டர் 280 மைக்ரோகிராம் சொல்லி, மீட்டரின் அதே நாள் சராசரி 400 என்றால், 0.7-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். இந்த எண் உங்கள் அடுப்படிப் புகைக்கும் எண்ணெய் ஆவிக்கும் மட்டும்தான், பேக்கிங் அறைக்கோ அண்ணன் பட்டறைக்கோ பொருந்தாது. அந்த ஒரு நாள் செலவுக்குப் பிறகு, கூண்டு போடும் முன்பும் பின்பும் அதே மீட்டரை அதே இடத்தில் வைத்து நீங்களே ஒப்பிடலாம். ஆகமொத்தம் எண் நூற்றுக்கு நூறு சரியாக இல்லாவிட்டாலும், அதே கருவி, அதே இடம், அதே அடுப்பு எண்ணிக்கை என்றால் வித்தியாசத்தை நம்பலாம்.

பேக்கிங் அறைக்கு என்.டி.ஐ.ஆர். கார்பன் டை ஆக்சைடு மீட்டர். அடுப்பிலிருந்தும் அந்த வாயு வருவதால் அடுப்படிப் பக்கம் கதவை மூடிவிட்டு, ஆட்கள் சாப்பிடப் போனதும் அறையில் யாரும் இல்லாமல் குறைவதைப் பாருங்கள். வெளியே 420 பி.பி.எம். அளவில் இருக்கும். உள்ளே 1420 என்றால் 1000 மிகை. அது 500 மிகையாகக் குறைய, அதாவது 920-க்கு வர, 20 நிமிடம் ஆனால் மணிக்கு ஏறத்தாழ இரண்டு முறை காற்று மாறுகிறது. ஒரு மணி நேரம் ஆனால் 0.7 முறைதான், ஜன்னல் வழி ஒரு எக்ஸாஸ்ட் தேவை. சுவரில் மாட்டும் ஏ.சி. அறைக் காற்றையேதான் சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது, வெளிக்காற்றைக் கொண்டு வருவதில்லை. இந்த மீட்டர்களில் தானாகப் பூஜ்யம் திருத்தும் வசதி ஒன்று இருக்கும், ஏறத்தாழ வாரத்துக்கு ஒரு முறையாவது அது வெளிக்காற்றைப் பார்க்கும் என்ற நம்பிக்கையில் செய்தது. அறை எப்போதுமே மூடி இருந்தால் அது தப்பாகத் திருத்தி, குறைத்துக் காட்டிக்கொண்டே போகும். ஞாயிற்றுக்கிழமை வெளியே கொண்டு வந்து சில மணி நேரம் வையுங்கள்.

---

ஆத்தங்குடிக்காரன் பதில்:

முகக்கவசம் வாங்கிக் கொடுத்துவிட்டேன், சலிக்கும் இடத்தையும் வெளியே மாற்றியாயிற்று. பம்பு வைத்து அளக்கும் ஆள் வெளியூரிலிருந்து வருவதாக இருந்தால் அக்காவும் நானும் ஒரே நாளில் வைத்துக்கொண்டால் வண்டிச் செலவாவது மிச்சம். சிலிண்டருக்கும் பங்கு தருகிறேன். எங்கள் பட்டறையில் அது வேண்டாம் என்றாலும் பக்கத்தில் கல்யாணச் சமையல்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஆகும்.

---

மனகோலம் பதில்:

கட்டாயம் அண்ணே, சேர்ந்தே வைத்துக்கொள்வோம். தூசியளப்பவன் தம்பி, ஒன்றே ஒன்று. எங்கள் ஆட்கள் எல்லோரும் சேலை கட்டுபவர்கள், காலர் கிடையாது. நெருப்புக்கு முன்னால் பிளாஸ்டிக் குழாயோடு எப்படி உட்காருவது?

---

தூசியளப்பவன் பதில்:

நல்ல கேள்வி அக்கா, பல பேர் இதை யோசிக்காமல் வந்து ஆளைச் சிரமப்படுத்துவார்கள். சேலைக்கு மேலே ஒரு பருத்தி மேலங்கி போடச் சொல்லுங்கள், பாக்கெட் தைத்த பழைய ஆண்கள் சட்டைகூடப் போதும், முந்தானையும் அதற்குள் அடங்கிவிடும். பம்பு பின்னிடுப்பில், குழாய் முதுகு வழியாக ஏறித் தோளில் வரட்டும், முன்பக்கம் தொங்கவே கூடாது. ஃபில்டர் தலை, அடுப்புக்குக் குனியாத பக்கத்துத் தோளில். சைக்ளோன் நேராக நிற்க வேண்டும், தலைகீழாகச் சாய்ந்தால் கீழே விழுந்த தூசி ஃபில்டருக்கு ஏறிவிடும், அதனால் மதியம் படுத்து ஓய்வெடுக்கும்போது கழற்றி நிமிர்த்தி வைத்துவிட்டு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று எழுதிக்கொள்ளுங்கள். யார் மாட்டிக்கொள்வது என்று நீங்கள் முடிவு செய்யாமல் அவர்களையே கேளுங்கள். முடிவு வந்ததும் முதல் நகல் மாட்டிக்கொண்டவர் கையில் போகட்டும், ஏஜென்டுக்கு அப்புறம் அனுப்பலாம்.